மூலைக்கு மூலை 34 அங்குலம்

பொட்டி தட்டிப் பொழைக்கிறவனுக்குப் பொட்டியோட மூஞ்சி முக்கியம். பகல்ல ஒன்பது மணி நேரம் அதைத்தான் பார்க்கணும். ராத்திரி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட உக்காந்தா பதினொண்ணு, பன்னெண்டு ஆகும். ஆனா திருவையாறு பக்கத்துல எங்க வீட்டுல இருந்தே ஆணி புடுங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான் ஓட்டினது என்னமோ ஆபீஸ் குடுத்த 14 அங்குல லேப்டாப்பும், காலேஜ் காலத்து 19 அங்குல மானிட்டரும்தான். ஒண்ணு எதிர்ல, இன்னொண்ணு இடது பக்கம். மூணு மாசமா கழுத்துல வலி. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, "ஸ்க்ரீன நேரா வச்சுப் பாருங்க தம்பி"ன்னு அனுப்பிட்டார்.

வலி பாதிக் காரணம். மீதி என்னன்னா, எங்க டீம்ல ஒவ்வொருத்தரா ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. 2024-ல தஞ்சாவூர்லயே டைடல் நியோ பூங்கா திறந்தாச்சு, ஆனா நம்ம கம்பெனி அங்க இல்லையே. வீட்டுல இருந்து வேலை பார்க்கிறவன் ஆபீஸ்ல இருக்கிறவனை விட ஒரு படி மேல முடிச்சுக் காட்டினாத்தான் ஊர்ல காலம் தள்ள முடியும். அதுக்கு ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் லாக், நடுவுல சாட்னு எல்லாம் ஒரே நேரத்துல கண்ணுல படணும். ஆக அகல மானிட்டர். பட்ஜெட் முப்பதாயிரம், ஒரு பைசா மேல கிடையாது. அதே மாசம் சம்பா நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் என் சம்பளத்துல இருந்துதான் போகணும்.

இந்த 21:9 மானிட்டர் 2012 வாக்குல எல்ஜி, டெல் மாதிரி கம்பெனிங்க 29 அங்குலத்துல கொண்டு வந்தது. இன்னிக்கு நம்ம மாதிரி ஆளுங்க கைக்கு எட்டுறது மூணு வகை. 29 அங்குலம் 2560×1080, 34 அங்குலம் 2560×1080, 34 அங்குலம் 3440×1440. பத்து நாள் ராத்திரி உக்காந்து அட்டவணை போட்டு வச்சிருந்தேன். எல்லாத்துலயும் முதல் கட்டம் அங்குலம்தான்.

அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "இந்த முப்பத்தி நாலு எதுலேருந்து எதுக்குடா?"ன்னு கேட்டார்.

"மூலைக்கு மூலைப்பா. குறுக்கால."

"நிலத்தை எவனாச்சும் மூலைக்கு மூலை அளந்து விப்பானா? நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, அத சொல்லு."

மா கணக்குல யோசிக்கிற மனுஷன் (மூணு மா சேர்ந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர், டெல்டாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை). கேட்டதுல தப்பே இல்லை. உக்காந்து நீள அகலம் போட்டேன். 34 அங்குல அல்ட்ராவைடு, அகலம் 80 செ.மீ., உயரம் 33 செ.மீ. சாதாரண 27 அங்குலம், அகலம் 60, உயரம் 33 சொச்சம். அதாவது 34-ங்கிறது 27-க்கு ரெண்டு பக்கமும் பத்துப் பத்து செ.மீ. இறக்கை வச்ச மாதிரி. உயரத்துல ஒரு விரக்கடை கூட ஜாஸ்தி கிடையாது. 29 அங்குல அல்ட்ராவைடு இன்னும் மோசம். உயரம் 28½ செ.மீ., பழைய 23 அங்குல மானிட்டர் உயரம்தான். பரப்பு போட்டா சாதாரண 27-ஐ விடவே கொஞ்சம் கம்மி! பொட்டி மேல என்னமோ 29-னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான்.

கோடு எழுதுறவனுக்கு உயரம்தான் வரி. ஒரே பார்வையில எத்தனை வரி தெரியுதுங்கிறது உயரத்துல இருக்கு. 1080 புள்ளிக்கும் 1440 புள்ளிக்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு வரி கூடுது. அங்கேயே 29 அடிபட்டுப் போச்சு. அகலத்துக்கு ஆசைப்பட்டு உயரத்தைக் குடுக்க முடியாது. (ரெண்டு எக்செல் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சா போதும்ங்கிறவங்களுக்கு 29 தாராளம். மேசையும் சின்னதா இருக்கலாம்.)

34-லயே 2560×1080 ஒண்ணு இருக்கே, அது நாலஞ்சாயிரம் கம்மி. கிட்டக்கவே போகாதீங்க மக்களே. ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும். 24 அங்குல முழு எச்டி-ல கூட 92 வரும். 3440×1440-ல 110. முக்கால் மீட்டர் தூரத்துல உக்காந்து தமிழ் எழுத்தைப் படிச்சுப் பாருங்க, ணகர றன்னகரச் சுழியெல்லாம் படி படியாத் தெரியும். கேம் மட்டும் ஆடுறவன் பொறுத்துக்குவான். நாள் முழுக்கப் படிக்கிறவனுக்கு ஆகாது.

ரெண்டு 24 அங்குலம் வாங்கி வச்சா பதினெட்டாயிரத்துல முடிஞ்சிருமேன்னு கேப்பீங்க. உண்மைதான், காசுக்கு அதை விடப் பலன் எதுலயும் இல்லை. ஆனா சட்டம் ரெண்டும் நடு மூக்குக்கு நேரா வந்து உக்காரும். அதனால ஒண்ணை நேரா வச்சு இன்னொண்ணை ஓரமா வைக்கணும். மறுபடி கழுத்து. எனக்கு ஆகாது.

இனி வரி. நம்ம நாட்டுல இந்த மானிட்டர் விலைக்கு அங்குலத்தோட ஒரு வில்லங்கம் இருந்துச்சு. 2019 ஜனவரி 1-ல இருந்து 32 அங்குலம் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல போனா 28. அளவு எடுக்கிறது மூலைக்கு மூலைதான். சாதாரண 32 அங்குலம் 71-க்கு 40 செ.மீ., பரப்பு சுமார் 2,820 சதுர செ.மீ. 34 அல்ட்ராவைடு சுமார் 2,650-தான். சின்ன வயலுக்குப் பெரிய வரி! அப்பாகிட்ட சொன்னேன். "எந்தக் கணக்குப்புள்ளடா இத எழுதினான்?"ன்னார். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 32-க்கு மேல இருக்கிறதுக்கும் 18 ஆக்கிட்டாங்க. அடக்க விலை 25,000-னு வச்சுக்குங்க. முன்னாடி 32,000, இப்ப 29,500. எனக்கும் 34-க்கும் நடுவுல நின்ன வேலியே அந்த 2,500 ரூபாதான்.

நம்ம வீட்டுல 2,500-க்கு வேற அர்த்தம் உண்டு. 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டுல ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல்லு குவிண்டாலுக்கு 2,500. கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை, ஆக மூட்டைக்கு ஆயிரம். மானிட்டர் இருபத்தொன்பதரை மூட்டை நெல்லு. அப்பா இதை வாயைத் திறந்து சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செஞ்சேன், நீங்களும் செய்யுங்க. பழைய நியூஸ் பேப்பரை 80-க்கு 33-ன்னு வெட்டி, மேசைக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டி, ரெண்டு நாள் அதுக்கு எதிர்ல உக்காந்து வேலை பார்த்தேன். (அம்மா என்னமோ வேண்டுதல்னு நினைச்சாங்க.) தெரிஞ்சது என்னன்னா, மேசை ஆழம் பத்தாது. வளைஞ்ச மானிட்டரோட கால் முன்னாடி கால் மீட்டர் வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும். மேசையைச் சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளிப் போட்டதும் சரியாச்சு.

கேமுக்கு வருவோம். 3440×1440-னா கிட்டத்தட்ட அம்பது லட்சம் புள்ளி. முழு எச்டி இருபத்தோரு லட்சம்கூட இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு ரெண்டேகால் மடங்குக்கு மேல வேலை. என்கிட்ட இருக்கிறது ஆர்டிஎக்ஸ் 3060, புதுக் கேம்ல எல்லா அலங்காரத்தையும் ஏத்தி வச்சா மூச்சு வாங்கும், இறக்கி வச்சா ஓடும். எல்லாக் கேமும் அகலத்தை மதிக்கிறதும் இல்லை. வேலரன்ட் 16:9-தான், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. 2022-ல வந்த எல்டன் ரிங்கும் அப்படியே. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அகலமா விரியும். 2019-ல வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபனிட்டிவ் எடிஷன்ல எதிரி யானைப்படை ஓரத்துல வரும்போதே தெரியும். நமக்கு அது போதும்.

பேனல்ல ஐபிஎஸ் கலருக்கு நல்லது, விஏ கறுப்புக்கு நல்லது. இந்த விலையில 34-ல பெரும்பாலும் விஏதான் சிக்குது. இருட்டுக் காட்சி வேகமா நகர்ந்தா லேசா மை இழுவுன மாதிரி தெரியும், மத்தபடி குறை சொல்ல முடியாது. கேபிள்ல கவனம் வேணும். பழைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ 1.4 இருந்தா இந்த அளவுக்கு 50, 60 ஹெர்ட்ஸுக்கு மேல ஏறாது. 2.0-னா 100 வரைக்கும் போகும். 144 வேணும்னா டிஸ்ப்ளேபோர்ட்ல போடுறது நல்லது.

சென்னைக்காரங்க எழுதாத ஒரு விஷயம் இருக்கு. இங்க ஐப்பசி, கார்த்திகையில இடி இறங்கினா ப்ளக்கைப் புடுங்கணும். மறந்தா முதல்ல போறது கரண்ட் உள்ள நுழையிற இடம்தான். அதனால அடாப்டர் தனியா வெளியில இருக்கிற மாடலாப் பார்த்தேன். போனா அடாப்டரோட போகும், தஞ்சாவூர்லயே வேற வாங்கிக்கலாம். உள்ளுக்குள்ளயே பவர் போர்டு இருந்தா மானிட்டரைக் கழட்டி அனுப்பணும். சர்வீஸ் நம்ம பின்கோடுக்கு வீட்டுக்கே வருமான்னு போன் போட்டுக் கேட்டுக்குங்க. "இந்தியா முழுக்க"ன்னு போட்டிருக்கிறதுல நம்ம கிராமம் எப்பவும் சேர்த்தி இல்லை. நான் கேட்டதுல ரெண்டு கம்பெனி அந்த இடத்துலயே கழண்டுக்கிச்சு.

2025 அக்டோபர்ல 34 அங்குலம், 3440×1440, விஏ, 100 ஹெர்ட்ஸ் ஒண்ணு வந்து இறங்கிச்சு. அட்டைப்பெட்டியை டூவீலர்ல வைக்க முடியாம டெலிவரி தம்பி மெயின் ரோட்டுலயே நின்னுட்டார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா டாட்டா ஏஸ்ல உரமூட்டைக்கு மேல வச்சுக் கொண்டு வந்து சேர்த்தார். பிரிச்ச கையோட வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு திரை முழுக்க ஒவ்வொரு கலரா நிறைச்சு, செத்த புள்ளி இருக்கான்னு தேடினேன். இல்லை. இதை முதல் நாளே பாருங்க. மாத்திக் கேக்குற கெடு தாண்டிட்டா ஒண்ணு ரெண்டு புள்ளிக்கெல்லாம் கம்பெனி அசைஞ்சு குடுக்காது.

இப்ப இடது பாதி ஆபீஸ் லேப்டாப், வலது பாதி என் சொந்தப் பொட்டி. ஒவ்வொண்ணுக்கும் 1720 புள்ளி அகலம். கழுத்து நேரா இருக்கு. மீட்டிங்ல முழுத் திரையையும் ஷேர் பண்ணா எதிர்ல இருக்கிறவனுக்கு எறும்பு எழுத்தாத் தெரியுது, அதனால ஒரு விண்டோ மட்டும்தான் குடுக்கிறேன். ஆபீசுக்கு வரச் சொல்ற மெயில் இன்னும் வரலை.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவை உக்கார வச்சு 'ராஜராஜ சோழன்' போட்டேன். தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படம், 1973. சினிமாஸ்கோப் 2.35-க்கு 1, இந்த மானிட்டர் 2.39-க்கு 1. அச்சுல வார்த்த மாதிரி பொருந்தணும். ஆனா இணையத்துல ஏத்தினவர் மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையைச் சேர்த்தே ஏத்தியிருக்கார், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் மானிட்டரோட பட்டை வேற. நடுவுல சின்னதா சிவாஜி. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "என்னடா, நாலு பக்கமும் வரப்பு கட்டி வச்சிருக்கான்?"ன்னார். பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டு வரப்பை வெட்டி விட்டேன். (விஎல்சி-ல பார்த்தா 'சி' பட்டனைத் தட்டினாலே போதும்.) படம் திரை முழுக்கப் பாஞ்சுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஆட மானிட்டர் கிடைக்கலை.