பச்சையோ, சிவப்போ?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் நிற்கிற வீடுகளில் "றேடியேற்றருக்கு என்ன விடுறனீங்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கிணத்துத் தண்ணிதான், வேறென்ன?" 90களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆக்களுக்கு கூலன்ற் ஒரு ஆடம்பரம். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. பொருளாதாரத் தடைக்குள் காரை ஓடவைத்ததே பெரிய விசயம்.

எங்கட மொறிஸ் மைனரும் அப்படித் தப்பினதுதான். அப்பப்பா வாங்கினது. இப்ப அப்பா கலியாண ஹயருக்குக் கொண்டுபோறார். எங்கட கம்பஸ் செலவில் ஒரு பங்கு அதிலதான் வருது. எஞ்சின் சூடாகி நடுறோட்டில் நின்றால் மாப்பிள்ளையும் நிப்பார், எங்கட படிப்பும் நிக்கும். அதனால் கலைப்பீடத்து ஆக்களான நாங்களும் கூலன்ற் போத்தல்களை வாசிக்கத் தொடங்கினோம்.

முதலில் தண்ணி. குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் கிடக்குது. கேத்திலுக்குள் படியிற வெள்ளைப் படை எல்லாருக்கும் தெரியும். அதே படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்தால் சூடு வெளியேறாது. வெறும் தண்ணி வார்ப்பிரும்பு எஞ்சினைத் துருப்பிடிக்கவும் வைக்கும். ஆறின எஞ்சினின் மூடியைத் திறக்க, உள்ளே தேத்தண்ணி நிறம் தெரிந்தால் அது துருதான்.

"இஞ்ச தண்ணி உறையிறதில்லையே, பிறகேன் கூலன்ற்?" என்று கேட்கலாம். உறையாமல் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். எதிலீன் கிளைக்கோலும் தண்ணியும் சரிபாதி கலந்தால் கொதிநிலை ஏறக்குறைய 107 பாகை செல்சியசுக்கு உயரும். அதோடு சேர்த்திருக்கிற இரசாயனங்கள் உலோகத்தை அரிக்காமல் காக்கும். பழைய காருக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

இனி நிறம். பழைய வகைக் கூலன்றில் சிலிக்கேற்று போன்ற உப்புகள் இருக்கும்; அனேகமாகப் பச்சை அல்லது நீலம். செம்பு, பித்தளை, ஈயப் பற்று, வார்ப்பிரும்பு எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் 2 வருசத்துக்கு ஒருக்கால் மாற்றவேணும். புதிய வகை சேதன அமிலங்களால் ஆனது; அனேகமாகச் சிவப்பு, செம்மஞ்சள். 5 வருசம் தாங்கும், அலுமினிய எஞ்சின்களுக்கு நல்லது. ஆனால் ஈயப் பற்றுக்கும் பழைய சீல்களுக்கும் ஆகாது என்று பழைய கார்க்காரர் அதைத் தவிர்ப்பார்கள்.

கடையில் "விலை கூடினதை விடுங்கோ பிள்ளையள், அதுதான் நல்லது" என்பார்கள். புதுக் காருக்குச் சரி. எங்கட காருக்கு விலை குறைந்த பழைய வகைதான் பொருந்தும். நிறத்தையும் முழுதாக நம்பாதீங்கோ. அது வெறும் சாயம், கொம்பனிக்குக் கொம்பனி மாறும். போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கோ. இரண்டு வகையையும் கலந்தால் களியாக இறுகி வழியை அடைக்கலாம்.

மாற்றும்போது உள்ளே நல்லாக் கழுவி, பற்றரிக்கு விடுற காய்ச்சி வடித்த தண்ணியோடு கலந்து விடுங்கோ. அசிட் இல்லை, தண்ணி. கழுவின பிறகு எங்கேயாவது ஒழுகினால் கூலன்றைத் திட்டாதீங்கோ. அந்த ஓட்டையை இவ்வளவு காலமும் துருதான் அடைத்துக்கொண்டு இருந்திருக்கும்.

கழற்றின கூலன்றை முற்றத்தில் ஊத்தவேண்டாம். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் பூனையும் நக்கும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கினால் போய்ச் சேருற இடம் நாங்கள் குடிக்கிற கிணறு.