சுருட்டை முடியும் எட்டுத் தையலும்

சுருட்டை முடிக்காரர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "பார்லர்ல பண்ணுனதா?" என்பது முதல் கேள்வி. "தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டியா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சிரித்து வைக்கலாம். இரண்டாவதற்கு நியாயமான பதில் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

பதில் இதுதான். மண்டைத் தோலில் சுரக்கும் எண்ணெய், நேர் முடியில் சறுக்கு மரத்தில் இறங்குவது போல நுனி வரை இறங்கிவிடும். சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்றுதான் போக வேண்டும், பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் வேர் பிசுபிசுக்கும், நுனி காய்ந்து கிடக்கும். முடிக்கு மேலே ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கடுக்காக ஒரு போர்வை உண்டு. வளைவுகளில் அந்த ஓடுகள் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழுவதும், இழுத்தால் அதே இடத்தில் அறுந்துபோவதும் இதனால்தான். பார்ப்பதற்கு அடர்த்தியாக இருக்கும். உண்மையில் மிகவும் பலவீனமான முடி அது.

இப்படிப்பட்ட முடியோடு ஒருவர் ஏழு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தால் என்ன ஆகும்?

திருநெல்வேலிப் பெண் ஒருத்திக்கு அது நடந்தது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வயிற்று வலி என்று இரண்டு நாள் ஹாஸ்டலில் சமாளித்துப் பார்த்ததில் குடல்வால் வெடித்தே விட்டது. காய்ச்சல், வயிற்றைத் திறந்து ஆபரேஷன், எட்டுத் தையல். ஆபரேஷனுக்கு முன்பு ஆயா ஒருவர் கொண்டை ஊசிகளை எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனுக்குப் பதில் காஸ் துணியால் முடிந்துவிட்டார். இரட்டைப் பின்னல் அழகுக்காக அல்ல. ஒற்றைப் பின்னலோ கொண்டையோ இருந்தால் மேசையில் தலை நேராகப் படியாது.

அந்தப் பின்னலை அடுத்த ஏழு நாளும் யாரும் தொடவில்லை. வலியில் புரண்டதில் பின்னல் பாதி அவிழ்ந்தது, பருத்தித் தலையணை உறை மீதியைத் தேய்த்தது. டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது பின்மண்டையில் தேங்காய் நார் உருண்டை மாதிரி ஒன்று இருந்தது. கையைத் தூக்கினால் தையல் இழுத்தது, குனிந்தாலும் இழுத்தது. அவளால் தன் தலையைத் தானே தொட முடியவில்லை.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"எதுக்கு மதினி இந்தப் பாடு? பேசாம கழுத்தோட வெட்டி விட்டுருங்க" என்றாள் அத்தை.

"அதெப்படி? திருச்செந்தூர்ல இவளுக்கு மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன். இப்பவே வெட்டுனா முருகனுக்கு என்னத்தக் குடுக்க?" என்றாள் ஆச்சி.

"யாரைக் கேட்டு வேண்டுனீங்க?"

"முடிதான ஏட்டி, தன்னால வளரும்."

வளரும்தான். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். முதுகுப் பாதி வரை வர நான்கு வருடம் ஆகும். உடம்பில் கத்தி வைப்பதற்கு அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். முடியில் கத்தி வைப்பதற்கு மட்டும் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தையலை விட அதிகமாக வலித்தது. நோயாளி ஆகிவிட்டால் உடம்பு பொதுச் சொத்து ஆகிவிடும் போல.

வெட்ட வேண்டாம் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். "அப்படின்னா நான் எடுத்து விடுறேன்" என்று அம்மா உட்கார்ந்தாள்.

இதில் ஒரு சிக்கல். அம்மாவுக்கு நேர் முடி. மகளுடைய சுருட்டை அப்பா வழி. பள்ளிக்கூட நாட்களில் காலை எட்டு மணிக்கு உச்சியிலிருந்து கீழே ஒரே இழுப்பாகச் சீவி, மகளை அழ வைத்தே பஸ் ஏற்றிய அம்மா அவள். அதே கையில் இப்போது அதே தலை. இந்த முறை மகள் சொல்லச் சொல்ல அம்மா கேட்டாள். வேறு வழியில்லை, இழுத்தால் வயிறும் சேர்ந்து அதிரும்.

செய்தது இவ்வளவுதான். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை. முடியை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கியாயிற்று. தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்து, சீப்பு இல்லாமல் விரலால் மட்டும், நுனியிலிருந்து மேல் நோக்கிப் பிரித்தார்கள். வேர்ப் பக்கம் ஒரு கை பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான், அதற்கு மேல் அவளால் உட்கார முடியாது. நான்கு நாளில் உருண்டை கரைந்தது.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு காரணம் உண்டு. மும்பை மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறைத்தது. பாராசூட் எண்ணெய் விற்பவர்களே செய்த ஆய்வு என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் முடியை வளர்க்காது. அறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். காயத்துப் பக்கம் அது போகவே கூடாது.

எப்போது குளிக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை தலைக்கு மட்டும் ஒரு வழி உண்டு. பெஞ்சில் மல்லாந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே ஒருவர் தாங்கிப் பிடிக்க, கீழே பக்கெட் வைத்து, செம்பால் மெதுவாக ஊற்றலாம். காயம் நனையாது, குனியவும் வேண்டாம். கண்டிஷனர் போட்டு, ஈரம் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் சீவ வேண்டும். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு சீவுவது வேலைக்காகாது. உலர்த்த சாம்பிராணி போடக் கிளம்பிய ஆச்சியைத் தடுத்தாயிற்று. புகையில் ஒரு இருமல் வந்தால் எட்டுத் தையலும் எழுந்து உட்காரும். தலையணைக்கு ஜரிகை இல்லாத பழைய பட்டுத் துணி. தூங்கும்போது உச்சியில் தளர்வாக ஒரு முடிச்சு.

சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. முட்டை, பருப்பு கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியமாக ரசம் சோறு. டாக்டரோ முட்டையும் மீனும் பருப்பும் கட்டாயம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். புண் ஆறுவதற்கும் புரதம் வேண்டும், முடியும் புரதம்தான். இரண்டும் ஒரே கடையில் சாமான் வாங்குகின்றன. இருப்பு குறைந்தால் காத்திருக்க வேண்டியது முடிதான்.

எல்லாம் சரியாகி ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, மூன்றாவது மாதம், முடி கொட்டத் தொடங்கியது. கொத்துக் கொத்தாக. பாத்ரூம் ஜாலி அடைத்துக்கொண்டது. வீட்டில் சொல்லவில்லை. பயந்துபோய்த் தலைக்குக் குளிப்பதையே குறைத்தாள். சுருட்டை முடி, உதிர்ந்ததையும் வளைவுகளுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நாள் உதிர்ந்தது ஒரே நாளில் கைக்கு வந்தபோது இன்னும் பயந்தாள்.

தோல் டாக்டர் இரண்டு முடிகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர் முனையில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளைக் குமிழ். குமிழ் இருந்தால் உதிர்ந்த முடி, இல்லாவிட்டால் அறுந்த முடி. இரண்டும் வேறு வேறு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்துகொண்டிருக்கும், மற்றவை ஓய்வில் இருக்கும். தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். ஆபரேஷன், கடும் காய்ச்சல், பட்டினி, பிரசவம் போன்ற அதிர்ச்சிகளில் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழும். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதற்கு டீலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். அதாவது, இன்றைக்குக் கொட்டுவது மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி. கீழே புது முடி முளைக்கத் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும்.

இரும்புச் சத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். அவள் கேட்ட பயோட்டின் மாத்திரையை எழுதவில்லை. அது தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017லேயே எச்சரித்திருக்கிறது. வட்ட வட்டமாகச் சொட்டை, தலையில் புண், ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு இருந்தால் மட்டும் மறுபடி வரச் சொன்னார்.

நெற்றி ஓரத்தில் பொடி முடிகள் ஸ்பிரிங் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. திருச்செந்தூர் விவகாரமும் சுமுகமாக முடிந்தது. மொட்டைக்குப் பதில் பூமுடி. நுனியில் மூன்று விரல்கடை. பிளந்து கிடந்த நுனியும் போயிற்று, ஆச்சியின் கடனும் தீர்ந்தது. இந்த முறை ஆச்சி அவளைக் கேட்டுவிட்டுத்தான் தேதி குறித்தாள்.

தோழி யாராவது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். சுருட்டை முடிக்காரியாக இருந்தால் ஒரு பெரிய பல் சீப்பு வாங்கிப் போங்கள். கையில் அரை மணி நேரம் இருந்தால் அதையும் கொடுங்கள். தலையில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.