இராமனுக்கு எத்தனை பாவை?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் எங்கள் எருத்தேன்பதி. தமிழ் பேசும் ஊர். மேற்கே ஷொர்ணூர்ப் பக்கம் பகவதி கோயில்களில் கம்பன் பாட்டைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். அங்கே கூனத்தறையில் பாவை வெட்டுவதைப் பார்க்க அக்கா மகனோடு போயிருந்தேன். அவன் கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்கிறவன். கேம் ஓவியம்தானா, நிரல் எழுதுவது கலையில் சேருமா என்று வீட்டில் எங்களுக்குள் ஓயாத வழக்கு.

பட்டறையில் ஒருவர் ஆட்டுத்தோலின் முடியை மூங்கில் சில்லால் வழித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மான் தோல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பெரும்பாலும் ஆடுதான். பக்கத்தில் இன்னொருவர் கட்டைமேல் தோலை வைத்து, நெல்மணி அளவு வாய் உள்ள உளியைத் தட்டித் தட்டிக் கிரீடம் செய்தார். கிரீடத்தின் மணிகள் அத்தனையும் துளைகள். வெட்டிய இடத்தில் ஒளி, விட்ட இடத்தில் இருள். ஓர் அடி தவறினால் அழிக்க வழியில்லை.

சுவரில் இராமன் பல பேர். உட்கார்ந்தவன், நிற்பவன், நடப்பவன், போரிடுபவன் என்று நிலைக்கு ஒரு பாவை. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும். மருமகன் துள்ளிவிட்டான்.

"மாமா, நாங்க இதைத்தான் ஸ்பிரைட்னு சொல்றோம். நிக்கறதுக்கு ஒரு படம், நடக்கறதுக்கு ஒரு படம். எப்ப எதை மாத்தணும்னு சொல்றதுதான் கோடு."

1980இல் தோரு இவதானி ஜப்பானில் உருவாக்கிய பேக்மேன் கேமை உதாரணம் காட்டினான். அதில் பேய்கள் நான்கும் ஒரே உருவம், நிறம்தான் வேறு. சிவப்புப் பேய் நேரே துரத்தும். இளஞ்சிவப்பு நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். பேய்க்குப் பேய் குணம் மாறுவது ஓவியத்தால் அல்ல, நிரலால். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பதினான்கு கேம்களைச் சேகரிப்பில் சேர்த்தபோது பேக்மேனும் அதில் இருந்தது.

இந்த இடத்தில் நான் அவன் பக்கம் சாய்ந்தேன். கோயில் கூத்துமாடத்தில் நாற்பத்திரண்டு அடித் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு எரியும். எந்தப் பாவை எப்போது எழ வேண்டும், எப்போது கை அசைய வேண்டும் என்பதெல்லாம் பாட்டிலும் பாவை ஆட்டும் புலவரின் உரையிலும் இருக்கிறது. சுவரில் தொங்கும்போது அது அழகான தோல்தான். அதை விளக்குக்கூடாக்கி விற்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் பட்டறைக்கு வருமானம் வேண்டுமே. பாவையை இயந்திரக் கை ஆட்டும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. கையை மோட்டார் தூக்கிவிடும். ஒரு பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே விடியும்வரை கிளை பிரிந்து போகும் புலவரின் துணிச்சல் அதற்கு ஏது?

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி' என்ற கேம் கதையை இடையிடையே நிழற்பாவைகளால் சொல்கிறது. அதையும் மருமகன் போனில் காட்டினான். உளிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழங்கை மூட்டு எங்கே கோத்திருக்கிறது என்று கேட்டார். அவனுக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பும்போது ஒரு வித்தியாசத்தைச் சொன்னேன்: கேமுக்கு ஆடுகிறவர் வேண்டும்; கூத்துக்குப் பார்க்க ஆளே வேண்டாம். இராவண வதத்தைப் பார்க்காமல் போன பத்ரகாளிக்காக நடப்பது என்பது ஐதீகம். மைதானம் காலியாக இருந்தாலும் இராத்திரி முழுக்க ஓடும்.

"பழைய ஆர்கேட் மிஷினும் அப்படித்தான் மாமா," என்றான். "யாரும் காசு போடலைன்னா தானே ஆடிக்காட்டிட்டு இருக்கும்."