கையிருப்பில் இல்லை

நான் அரசுப் பணியில் சேர்ந்த புதிதில் என்னை ஸ்டோர்ஸ் பிரிவில் உட்கார வைத்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே வரை படித்துவிட்டு வந்தவனுக்கு ஆங்கிலத்தில் நோட் எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. அங்கே நான் முதலில் கற்ற பாடம் ஒன்றுதான். எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பொருளைக் கேட்டு இண்டெண்ட் வந்தாலும், முதலில் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். அதில் இல்லையென்றால் 'கையிருப்பில் இல்லை' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வெளியே ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, பாட்டு விஷயத்தில் இந்தப் பாடம் உதவும் என்று நான் நினைத்ததில்லை.

என் பேரன் பி.காம். முடித்தவன். மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு குறும்படங்களுக்கும் திருவிழாப் பாட்டுகளுக்கும் இசை அமைக்கிறான். போன மழைக்காலத்தில் ஒரு பட்டியலோடு என் முன் வந்து நின்றான்.

"தாத்தா, சும்மா கேக்கல. கடனாத்தான் கேக்கறேன்."

கூட்டிப் பார்த்தேன். 90,000 ரூபாய்க்குப் பக்கம். எல்லாம் ப்ளகின்கள். கையில் பிடித்துப் பார்க்கக்கூட முடியாத சாமான்கள்.

ஒரே நாளில் வந்த ஆசை இல்லை அது. சில மாதங்களுக்கு முன் யாரோ ஒரு நண்பன், பூட்டு உடைத்த ப்ளகின்களைப் பென் டிரைவில் கொடுத்திருக்கிறான். அதோடு வைரஸும் வந்து, இரண்டு பாட்டின் ஃபைல்கள் அடியோடு போய்விட்டன. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். இனிமேல் திருட்டுச் சரக்கு வேண்டாம், காசு கொடுத்தே வாங்குவோம் என்ற முடிவுக்கு வந்திருந்தான். அந்த முடிவு எனக்குப் பிடித்தது. தொகைதான் பிடிக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் செருகி வேலை வாங்கும் சின்னச் சின்ன மென்பொருள்தான் ப்ளகின். ஒன்று குரலில் கனத்தைக் குறைக்கும், ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று பியானோவாகவே ஒலிக்கும். 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ப்ளகின் எழுதி விற்கலாம் என்று ஆயிற்று. பிரெஞ்சில் இதற்கு 'க்ரெஃபோன்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஒட்டுமாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறோமே, அந்த ஒட்டுக்கிளைக்குச் சொல்கிற அதே சொல்.

மென்பொருளோடு கூடவே வருவதை 'ஸ்டாக்' ப்ளகின் என்கிறார்கள். வெளிக் கம்பெனிகள் விற்பது 'தேர்ட் பார்ட்டி'. ஸ்டாக் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குள் இருந்த பழைய கிளார்க் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"பணம் தரேன். ஆனா ஒவ்வொண்ணுக்கும் கையிருப்பில் இல்லைன்னு எனக்கு நிரூபிக்கணும்" என்றேன். "அதுக்கு ஒரு கேசட் இருக்கு."

அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவைச் சொல்தா ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அத்தானோடு பிரான்சு போய்த் துலோனில் குடியிருந்தாள். அக்காவுக்கு எழுதச் சோம்பல். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். நம் ஊரில் சொல்தா வீடுகள் பலவற்றில் இப்படி நடந்ததுண்டு.

1981-இல் அப்பா, முத்தியால்பேட்டையில் இருந்த பாட்டன் வீட்டை விற்றார். அக்காவின் பங்கை என்ன செய்வது என்று கேட்டு எழுதினோம். பதில் கேசட்டில் வந்தது. வீடே கூடி உட்கார்ந்து கேட்டோம். குழந்தைகள் கதை, குளிர், மீன் விலை எல்லாம் சொல்லி வந்தவள், முக்கியமான இடம் வந்ததும் மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோயிருக்கிறாள். சத்தம் கிழிந்துவிட்டது. "என் பங்கு எனக்கு" என்பது கேட்டது. பிறகு கரகரவென்று இரைச்சல். கடைசியில் "குடுத்துடுங்க."

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுமனைக்கு என்று வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி, அக்காவின் மாமியார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கோபம். இரண்டு வருடம் அவளுக்கு நான் கடிதம் போடவில்லை. அவளிடமிருந்தும் அதன்பின் கேசட் வரவில்லை. பிறகு வந்தாள், போனாள், பேசினோம். ஆனால் பழைய ஒட்டுதல் இல்லை. அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. அக்காவும் ஆறு வருடங்களுக்கு முன் துலோனிலேயே போய்விட்டாள். அவள் குரல் என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு கேசட்தான்.

பேரன் ஒரு பழைய டேப்ரிக்கார்டரைத் தேடிப் பிடித்து, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டோம்.

முதல் உருப்படி ஓர் ஈக்யூ. சத்தத்தில் எந்தப் பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதற்கான கருவி. அவன் கேட்டது ஆம்ஸ்டர்டாமில் செய்யும் ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூ. விலை 15,000-க்கு மேல். 30 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். அவன் மென்பொருளான ரீப்பரில் ரீஈக்யூ என்று ஒன்று கூடவே வருகிறது. ஒரே பாட்டை இரண்டு வரிசையில் வைத்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் ஒரே அளவில் திருப்பச் சொன்னேன். பிறகு ஒரு வரிசையைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினான். வரவும் செலவும் சரியாக இருந்தால் மீதி சுழியம் அல்லவா? அதேபோல் இரண்டும் ஒன்றானால் நிசப்தம்தான் மிஞ்ச வேண்டும். ஏறக்குறைய நிசப்தம்தான் மிஞ்சியது. மிக மெல்லிய, கீச்சென்ற ஒலி கொஞ்சம் இருப்பதாகப் பேரன் சொன்னான். என் காதுக்கு அதுவும் இல்லை.

வெளிச்சரக்கில் வேறு வசதிகள் உண்டு என்று அவன் வாதாடினான். உண்மைதான். பாடகர் குரல் உரக்கும்போது மட்டும் தானாகக் குறைக்கும் வசதி அதில் இருக்கிறது, ரீஈக்யூவில் இல்லை. "போன வருஷம் எத்தனை பாட்டுக்கு அது தேவைப்பட்டுச்சு?" என்று கேட்டேன். யோசித்து, "ஒண்ணு" என்றான். அடித்துவிட்டோம்.

அடுத்தது எதிரொலி. நானும் கேட்டேன், வெளிச்சரக்கு நன்றாகவே இருந்தது. அப்போது பேரனே ஒரு சூட்சுமத்தைச் சொன்னான். சத்தம் ஓர் அரைக்கால் கூடினாலும் காதுக்கு அது 'நல்லது' என்று தோன்றிவிடுமாம். இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் எனக்குப் போட்டுக் காட்டினான். ஐந்து முறையில் மூன்று முறை ஸ்டாக்கையே நல்லது என்றேன். பிறகு நான் போட, அவன் சொன்னான். அவன் நான்கு முறை வெளிச்சரக்கைச் சரியாகக் கண்டுபிடித்தான். அதனால் வால்ஹல்லா என்ற ஒன்றுக்கு, 50 டாலர்தான், சம்மதித்தேன். அவன் காதை நம்பித்தானே ஜனங்கள் பாட்டுக் கொடுக்கிறார்கள்.

பட்டியலில் பெரிய தொகை ஆர்த்தூரியா. கிரெனோபிள் நகரத்துக் கம்பெனி. பழைய சிந்தசைசர்களை மென்பொருளாக்கி விற்கிறார்கள். முழுத் தொகுப்பு அரை லட்சத்தைத் தாண்டும். பேரன் வைத்திருக்கும் சின்னக் கீபோர்டும் அதே கம்பெனியின் மினிலேப். அதன் காலிப் பெட்டி அலமாரி மேல் கிடந்தது. உள்ளே இருந்த தாளைப் பிரெஞ்சில் படித்தேன். கீபோர்டைப் பதிவு செய்தால், அந்தச் சிந்தசைசர் ஒலிகள் சில நூறு அடங்கிய அனலாக் லேப் சும்மாவே கிடைக்கும் என்று போட்டிருந்தது. வாங்கி இரண்டு வருடம், இவன் பதிவே செய்யவில்லை. கையிருப்பிலேயே இருந்திருக்கிறது! என் பிரெஞ்சுப் படிப்பு சம்பாதித்துக் கொடுத்த மிகப் பெரிய தொகை அதுதான் என்று இப்போதும் அவனைக் கேலி செய்கிறேன்.

கடைசியில் கேசட். அக்கா சமையலறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள் போலும். அடியில் ஓர் உறுமல். கரண்டின் உறுமல் 50 ஹெர்ட்ஸில் இருக்கும், அதன் மடங்குகளான 100, 150-இலும் இருக்கும் என்று சொல்லி, ரீஈக்யூவிலேயே அந்த இடங்களைக் குறுகலாக வெட்டினான். நாடாவின் 'உஸ்' சத்தத்துக்கு ரீஃபிர் என்ற ஸ்டாக் ப்ளகின். அக்கா பேசாத இரண்டு விநாடியைக் காட்டி, 'இதுதான் இரைச்சல், இதைக் கழித்துவிடு' என்று அதற்குச் சொல்லலாம். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. பாதியில் நிறுத்தினோம்.

எல்லாம் தெளிந்தது, கிழிந்த இடத்தைத் தவிர. அங்கே இரைச்சல் குரலின் மேல் உட்காரவில்லை. குரலே உடைந்திருந்தது. வெட்டினாலும் கழித்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாலை முழுக்க முயன்றுவிட்டு, "தாத்தா, இதுக்கு நம்மகிட்ட எதுவும் இல்ல" என்றான்.

ஐஸோடோப் ஆர்எக்ஸ் என்று ஒன்று உண்டு. உடைந்த அலையின் முன்னும் பின்னும் பார்த்து, உச்சி எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டு வரையும். அதன் சிறிய பதிப்பைச் சோதனைக்கு இறக்கினான். முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் கரகரப்புக்குள்ளிருந்து சொற்கள் எழுந்து வந்தன. ஆசையில் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது என்று, இருவரும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனித் தாளில் எழுதினோம். பேரனுக்கு இந்தக் கதை எதுவும் அதுவரை தெரியாது.

இரண்டு தாளிலும் ஒரே வாசகம்: "என் பங்கு எனக்கு வேணாம்ப்பா, தம்பிக்கே குடுத்துடுங்க."

அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் மைக்கை அவ்வளவு கிட்டத்தில் வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். நாங்கள், கேட்டு வாங்கிவிட்டாள் என்று நினைத்தோம். ஒரு தபால் அட்டை போட்டு, 'என்ன சொன்னாய், சரியாகக் கேட்கவில்லை' என்று கேட்டிருக்கலாம். அலுவலகத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குப் பத்துக் கடிதம் எழுதிய நான், அந்த ஒரு கடிதத்தை எழுதவில்லை.

அன்றிரவு டைரியில், ஆர்எக்ஸ், 'கையிருப்பில் இல்லை, வாங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் வால்ஹல்லாவும், ரீப்பருக்கு அவன் கட்டாமல் வைத்திருந்த 60 டாலர் உரிமத் தொகையும் சேர்ந்து 90,000-த்தில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. அக்காவின் மகளுக்கு அந்தப் பதிவையும், கூடவே பிரெஞ்சில் ஒரு நீண்ட கடிதத்தையும் அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேசட்டுகள் இருக்கலாம். நாடா ஒட்டிக்கொண்டு போவதற்குள் பிள்ளைகளிடம் கொடுத்து முதலில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் பேசியவர் இன்னும் நம்மோடு இருந்தால், எந்த ப்ளகினும் வேண்டாம். நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.