நரம்பு

ஓசூருக்குச் செவிடபாடி என்று ஒரு பழம்பெயர் உண்டு. இந்த வட்டாரத்துக்கு முரசு நாடு என்று பெயர் இருந்தது. முரசு நாட்டில் ஒரு செவிடபாடி. பெயரில் உள்ள செவிடுக்கும் காதுக்கும் உறவு உண்டா என்பது தனி ஆராய்ச்சி. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. சிப்காட் ஆலைகளில் வேலை செய்து காது மந்தமான தகப்பனோ சித்தப்பனோ அவர்களில் பலருக்கு உண்டு.

எனக்கு வாய்த்தவர் தாய்மாமா. இருபத்தேழு ஆண்டுகள் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவர். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதே அங்கே பாதுகாப்பு. எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபல் என்று விதி வரம்பிட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. மாமாவைப் பற்றி யாரும் எங்கும் அறிவிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எடுத்த ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தது. ஆலை இரைச்சல் விட்டுச்செல்லும் தடம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும். ச, த, ட போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயரங்களில் இருக்கிறது. மாமாவின் தமிழில் வல்லினம் மழுங்கி, உயிரும் மெல்லினமும் மிஞ்சியிருக்கின்றன என்று நான் புரிந்துகொண்டேன்.

“நரம்பு தேஞ்சுடுச்சாம் பாப்பா” என்றார் மாமா.

உட்செவியில் சாவது நரம்பு மட்டுமன்று, ஒலியை வாங்கி நரம்புக்குத் தரும் மயிரணுக்களும்தான். ஆனால் மருத்துவர்கள் நம்மிடம் நரம்பு என்றே சொல்கிறார்கள். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தச் சொல் முதலில் யாழைத்தான் நினைவூட்டும். யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றே பெயர். விபுலானந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். ஒரே சொல்லின் இந்த இரு பொருளும் ஒரே மனிதரின் மடியில் வந்து அமரும் என்று எண்ணியதில்லை.

இளமையில் ஆலையின் ஆயுத பூஜை மேடையில் கிதார் வாசித்தவனைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்கு அந்த ஆசை இருந்தது. ஓய்வுக்குப் பின் பழைய கிதார் ஒன்றை வாங்கினார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன், கிதாரும் மனவிழிப்பும் சேர்த்துக் கற்பிக்கும் மூன்று நாள் தங்கல் முகாமில் பணம் கட்டிவிட்டான். இடம் தளிக்கு அப்பால், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே. பேச்சு புரியாது என்பதால் நானும் உடன்போனேன். சென்ற டிசம்பரில், இரண்டாம் நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இப்படியொரு சேர்க்கை நமக்குப் புதிது. கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாமில் இசைக்கருவியைத் தொடவே கூடாது. மேற்கில் ராபர்ட் ஃபிரிப் என்ற ஆங்கிலேயக் கிதார் கலைஞர் 1985இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ‘கிதார் கிராஃப்ட்’ என்ற தங்கல் பயிற்சியைத் தொடங்கினார். குர்ஜீஃபின் மாணவரான பென்னட்டின் வழியில் வந்தவர் அவர். காலையில் கருவியைத் தொடும் முன் அமைதியாக அமரவேண்டும். கம்பிகளின் சுருதியமைப்பையும் மாற்றிவிட்டார். பழகிய விரல்களும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். தளி முகாமின் ஆசிரியர் முப்பது வயது இளைஞர், ஃபிரிப்பைப் படித்தவர். சுருதியை மட்டும் மாற்றவில்லை. நல்லவேளை.

காலை ஐந்தரைக்குப் பனி கொல்லையை மூடியிருந்தது. கைபேசிகளை முந்தைய நாளே வாங்கி வைத்துவிட்டார்கள். நண்பகல் வரை பேச்சில்லை. பதினான்கு பேர், பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டியில் கணினி வேலை பார்ப்பவர்கள். தியானம் கற்பிக்கும் எல்லோரையும் போலவே இந்த ஆசிரியரும் மயிலிறகால் தடவுவதுபோலப் பேசினார். மாமாவுக்கு அது உதட்டசைவு மட்டுமே. நான் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன்: ‘கண்ணை மூடுங்கள். மௌனத்தைக் கேளுங்கள்.’

மாமா படித்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் தாடை இறுகத் தொடங்கியது. மற்றவர்கள் தோள் தளர்ந்து அமர்ந்திருக்க, இவர் மட்டும் எதையோ தாங்கிப் பிடித்திருப்பவர்போல இருந்தார். நாற்பது நிமிடம்.

நண்பகலில் மௌனம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கேட்டதைச் சொல்லவேண்டும். கரிச்சான் குருவி என்றார் ஒருவர். தன் மூச்சு என்றாள் ஒரு பெண். மாமாவின் முறை வந்தது. காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில், “விசில் சார். குக்கர் விசில் மாதிரி, நிக்காம. பிரஸ் ஷாப்ல பிடிச்சது. சத்தம் இருக்கிற எடத்துல தெரியாது. இந்த மாதிரி அமைதியா இருந்தாத்தான் கொல்லும்” என்றார்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஆசிரியரிடம் மறுமொழி இல்லை. அவர் இல்லாத மறுமொழியை உண்டாக்கிச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. காது இரைச்சல் உள்ளவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியைவிட மனவிழிப்புப் பயிற்சி கூடுதலாக உதவியதாக 2017இல் லண்டன் ஆய்வொன்று வெளிவந்திருக்கிறது. அது பல வாரங்கள், துணையோடு செய்வது. நகரத்து ஓசையிலிருந்து மூன்று நாள் விடுப்பு வாங்கி வருபவர்களுக்கான மௌனத்தை, ஓசையை உள்ளேயே சுமந்து வருபவரிடம் அப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வாசலில் கேட்கும் படிவத்தில் முதுகுவலிக்கு இடம் இருந்தது, காதுக்கு இல்லை.

பிற்பகல் அமர்வில் ஆசிரியர் மாமாவிடம் கிதாரைக் கொடுத்து, ஆறாம் கம்பியை மட்டும் மீட்டிக்கொண்டிருக்கும்படி சைகை காட்டினார். மற்றவர்கள் அதைக் கேட்டபடி அமர்ந்தார்கள். அந்தத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்வது. மெல்லிய முதற்கம்பிகூட 330தான். 4000இல் உள்ள பள்ளத்துக்கு வெகு கீழே. மெல்லிய கம்பியில் நகம் படும் மினுக்கம் மாமாவுக்குக் கிடைக்காது, அதன் அடிநாதம் கிடைக்கும். இதை நான் எழுதிக் காட்டத் தேவையிருக்கவில்லை. அவரே குனிந்து கிதாரின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டார். எலும்பு வழியாக ஒலி ஏறும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எந்திரம் சரியாக ஓடுகிறதா என்று திருப்புளியின் நுனியை எந்திரத்தில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திப் பார்த்த பழக்கம்.

“முழுசா கேக்குது பாப்பா.”

கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழ்மீது செய்யும் எண்வகைத் தொழில்களில் ஒன்று தைவரல், நரம்பை மெல்லத் தடவுதல். பல ஆண்டுகளாக உரையைப் பார்த்தே அதை விளக்கி வந்திருக்கிறேன். காய்ப்பேறிய அந்த விரல் கம்பியின்மீது போவதைக் கண்ணால் கண்டேன். இளைஞர்கள் எல்லோரும் விரல்நுனி வலிக்கிறது என்று ஊதிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு வலிக்கவில்லை.

இரவு ஒன்பதுக்கு மறுபடி மௌனம். பதினொன்று இருக்கும், மாமாவோடு அறையில் தங்கியிருந்த பையன் பெண்கள் பகுதி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டான். சார் வாசித்துக்கொண்டே இருக்கிறார், தூங்க முடியவில்லை, சொன்னாலும் கேட்கவில்லை என்றான். ‘கேட்கவில்லை’ என்றதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

போய் எழுதிக் காட்டினேன். மாமா உடனே எழுந்து கிதாரைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார். “நிறுத்தினா அது வந்துடுது. நீ போய்ப் படுத்துக்கோ” என்றார். தொலைவில் ராகிக் கொல்லையில் யானை விரட்டும் வெடி ஒன்று வெடித்தது. அது அவருக்கும் கேட்டது. “யானையா?” என்று கூடத்துக் காவலரைக் கேட்டார். காவலர் தலையாட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளிச்சம் வரும்வரை அவர் விழித்திருக்கவேண்டும், ஏதாவது சத்தம் இருந்தால் நல்லதுதான் என்றார்.