கருவாடு காயும் மணல்

மாசி மகத்தன்று திருவேட்டக்குடிக்குப் போயிருந்தேன். காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர். சம்பந்தர் பாடிய தலம். அர்ச்சுனனுக்காக ஈசன் வேடனாக வந்த இடம் என்பது ஐதீகம். மகத்தன்று சுவாமி புறப்பட்டு மண்டபத்தூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். நானும் என் சகலையும் கூட்டத்தோடு பின்னால் நடந்தோம்.

சகலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1962-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள் சில உண்டு. அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை அவர். முப்பது வருஷம் பாரிஸில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். தங்கமான மனிதர்; எதைப் பார்த்தாலும் பாரிஸோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வியாதி ஒன்றுதான் அவருக்கு.

வழி நெடுகிலும் அது அன்றைக்கு முற்றிவிட்டது. சாலையோரமெல்லாம் காலிப் பாட்டில்கள். (இந்தப் பக்கம் மது விலை மலிவு. அதை உத்தேசித்து எல்லை தாண்டி வருகிறவர்கள் விட்டுப் போகும் தட்சிணை.) பாரிஸில் லா ஷாப்பல் என்ற பகுதியில் நம்மவர்கள் வருஷந்தோறும் பிள்ளையாருக்குத் தேர் இழுக்கிறார்கள். நடுத்தெருவில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைகிறதாம். தேர் நகர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், பச்சைச் சட்டை போட்ட நகராட்சி ஆட்கள் வந்து ஓடும் நாரும் இல்லாமல் துடைத்துவிட்டுப் போகிறார்களாம்.

"அவனுக்கு அது ரத்தத்திலேயே ஊறிப் போச்சு" என்று முடித்தார்.

எனக்கு இந்த ரத்த விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. அதே பாரிஸில் 1883-இல் பூபெல் என்ற அதிகாரி, வீட்டுச் சொந்தக்காரர்கள் மூடி போட்ட தொட்டி வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஊரே அவர் மேல் பாய்ந்தது. கடைசியில் குப்பைத் தொட்டிக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்; இன்றைக்கும் பிரெஞ்சுக்காரன் குப்பைத் தொட்டியை 'பூபெல்' என்றுதான் சொல்கிறான். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். லீ குவான் யூ துப்புரவு இயக்கத்தைத் தொடங்கியது 1968-இல். பொது உணவங்காடியில் சாப்பிட்டவர் தம் தட்டைத் தாமே எடுத்து வைக்க வேண்டும், தவறினால் தண்டனை என்று 2021-இலும் அங்கே விதி செய்ய வேண்டியிருந்தது. ரத்தத்தில் ஊறுகிற பண்டமாக இருந்தால் ஐம்பத்துமூன்று வருஷம் போதாதா?

அங்கே ஒருமுறை ஒரு மிட்டாய்க் காகிதத்தை அரை நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். ஒழுக்கத்தினால் அல்ல, அபராதத்துக்குப் பயந்து. இதையெல்லாம் சகலைக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே கடற்கரைக்கு வந்துவிட்டேன்.

தீர்த்தவாரி ஆயிற்று. யாரோ புண்ணியவான் புளியோதரை கொடுத்தார். முன்பெல்லாம் தொன்னையில் கொடுப்பார்கள். இப்போது பளபளவென்று வெள்ளி நிறம் பூசிய காகிதத் தட்டு. நின்றபடியே சாப்பிட்டேன். பேச்சு சுவாரசியத்தில் தட்டு எப்போது கையை விட்டுப் போயிற்று என்பதே எனக்குத் தெரியாது.

"ஏந்தம்பி, அதை எடுத்துடுங்க."

திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் ஒரு கிழவி. மீனவக் குப்பத்துப் பெண்பிள்ளை. குரலில் கோபம் இல்லை.

"சாமி போனா நீங்களும் போயிடுவீங்க. நாளைக்கு இந்த மணல்லதான் நான் கருவாடு காயப்போடணும்."

எனக்குச் சொரேர் என்றது. ஆனாலும் எழுத்தாளன் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "தொட்டி ஒன்றையும் காணோமே, அம்மா" என்றேன்.

"வீட்டுல தொட்டி இல்லாட்டிக் கூடத்துல போடுவீங்களா?"

என் தாத்தா தஞ்சை ஜில்லாவில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். நெற்களத்தில் செருப்புக் காலோடு யாரும் நடக்கக்கூடாது. சிறுவனாக ஓடிப்போய் ஒருமுறை முதுகில் வாங்கியிருக்கிறேன். நெல்லுக்குக் களம் எப்படியோ, கருவாட்டுக்கு இந்த மணல் அப்படி. கடற்கரை என்றால் காற்று வாங்குகிற இடம் என்றே இத்தனை காலம் எழுதியும் வந்திருக்கிறேன். என் கதாநாயகர்கள் எத்தனை பேர் மணலில் சுண்டல் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் காதல் பேசியிருக்கிறார்கள்!

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நாம் அழுக்கு ஜனங்கள் இல்லை. கோலத்துக்கு அப்பால் இருப்பது நம்முடையது இல்லை, அவ்வளவுதான். அதைக் கூட்டி அள்ளுவதற்கென்று சில சாதிகளைப் பிறப்பிலேயே நியமித்துவிட்டு, அவர்களையும் கோலத்துக்கு அப்பாலேயே நிறுத்தி வைத்தோம். பாரிஸ்காரனும் குப்பை போடுகிறவன்தான். ஆனால் தெருவைக் கூட்டுகிற ஆளுக்கு அங்கே உடுப்பு உண்டு, வண்டி உண்டு, ஓய்வூதியம் உண்டு.

குனிந்து தட்டை எடுத்தேன். பக்கத்தில் கிடந்த நாலைந்தையும் சேர்த்துக்கொண்டேன். மணலில் பாதி புதைந்திருந்த ஒரு பாட்டில் துண்டைச் சகலை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். காரைக்கால் வீடு வரை எல்லாவற்றையும் காரிலேயே கொண்டுவந்தோம். வழியில் அவர் பாரிஸ் பேச்சை எடுக்கவில்லை.

மைத்துனி கதவைத் திறந்தாள். என் கையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஐயையே, எச்சில் தட்டையெல்லாம் வீட்டுக்குள்ளேயா கொண்டுவருவாங்க? காம்பவுண்டுக்கு வெளியே போட்டுட்டு வாங்க. காலையிலே கூட்டுறவ வந்து எடுத்துக்குவா."

சகலை என்னைப் பார்த்தார். நான் கோலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.