கண்டக்டர் இல்லாத டிராம்... டிக்கெட் எடுத்ததற்கு யார் சாட்சி?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத அனுபவம், டிராம் பயணம். சுமார் 250 கிலோமீட்டர் நீளும் இதுதான் உலகின் மிகப்பெரிய டிராம் வலையமைப்பு. மகன், மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கப்போகும் நம் ஊர் அப்பா, அம்மாக்கள் தனியாகவே ஊர் சுற்ற இதைவிட எளிய வழி இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

டிராமில் 'டிக்கெட்... டிக்கெட்...' என்று கேட்டு யாரும் வரமாட்டார்கள். எந்தக் கதவிலும் ஏறலாம். டிரைவரிடம் பணம் நீட்டினாலும் டிக்கெட் கிடைக்காது. ரயில் நிலையத்திலோ கடையிலோ 'மைக்கி' அட்டையை முன்பே வாங்கி, பணம் ஏற்றி வைத்திருக்க வேண்டும். டிராமுக்குள் இருக்கும் கருவியில் அதை வைத்ததும் 'பீப்' என்று சத்தம் வரும். அந்த 'பீப்'தான் உங்கள் டிக்கெட்!

நடுத்தெருவில் நின்ற டிராம்கள்

அங்கேயும் ஒரு காலத்தில் கண்டக்டர்கள் இருந்தார்கள். அவர்களை நீக்கிவிட்டு, சுரண்டிப் பயன்படுத்தும் டிக்கெட்டைக் கொண்டுவர அரசு முயன்றபோது, 1990 ஜனவரியில் ஊழியர்கள் டிராம்களை நகரின் மையத் தெருக்களில் வரிசையாக நிறுத்திப் போராடினார்கள். சுமார் ஒரு மாதம் அவை அங்கேயே நின்றன. ஆனாலும், 1990-களின் இறுதிக்குள் கண்டக்டர்கள் காணாமல்போனார்கள். பணம் கட்டியதை நிரூபிக்கும் பொறுப்பு பயணிகளின் தலையில் விழுந்தது.

எங்கே குழப்பம் வரும்?

நகரின் மையப்பகுதியில் 2015 முதல் டிராம் இலவசம். அதற்குள் மட்டும் சுற்றுபவர்கள் அட்டையை வைக்கத் தேவையில்லை. வைத்தால் வீணாகப் பணம் போகும். ஆனால், பர்க் தெருவில் 96-ம் எண் டிராம் ஏறி செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போகிறீர்கள் என்றால், இலவச எல்லையைத் தாண்டுகிறீர்கள். அதற்கு அட்டையை வைத்தே ஆக வேண்டும்.

அடுத்த குழப்பம், டிராம் மாறும்போது வரும். ஒருமுறை கட்டிய கட்டணம் குறைந்தது 2 மணி நேரத்துக்குச் செல்லும். 'அதான் பணம் போய்விட்டதே' என்று இரண்டாவது டிராமில் சும்மா உட்காரக் கூடாது. கூடுதல் பணம் பிடிக்காவிட்டாலும், ஏறும் ஒவ்வொரு டிராமிலும் அட்டையை வைக்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே அட்டை செல்லாது. சலுகைக் கட்டண அட்டை என்றால், அந்தச் சலுகைக்குரிய அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும்.

பரிசோதகர்கள் சீருடையில் வரலாம், சாதாரண உடையிலும் வரலாம். அவர்கள் கையில் இருக்கும் கருவி, நீங்கள் அட்டையை வைத்தீர்களா, இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். மறந்தீர்களா, ஏமாற்றினீர்களா என்பது அதற்குத் தெரியாது.

75 டாலர் பாடம்

இந்த இடத்தில்தான் அரசே ஒருமுறை சறுக்கியது. பிடிபட்டவர்கள் அங்கேயே 75 டாலர் கட்டிவிட்டுப் போகலாம் என்ற முறை 2014-ல் வந்தது. மறுத்தால், 200 டாலருக்கு மேல் அபராதம். ஆனால், 75 டாலரைக் கட்டியவர் பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது. தெரியாமல் தவறியவர்களும் பயத்தில் பணத்தைக் கட்டினார்கள். விக்டோரியா மாநில ஆம்புட்ஸ்மேன் 2016-ல் இதைக் கடுமையாக விமர்சித்தார். 2017 ஜனவரி 1 முதல் அந்த முறையே ரத்தானது. இப்போது அபராதம் வந்தால், அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

கண்டக்டர் இருந்தால், 'சார், இந்த டிராம் அங்கே போகுமா? டிக்கெட் எவ்வளவு?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இயந்திரத்திடம் அது முடியாது. அதனால்தான், விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பு இருப்பது முக்கியமாகிறது.

அப்பா, அம்மாவை மெல்போர்னுக்கு அழைப்பவர்கள், ஆளுக்கொரு அட்டை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் நாள் கூடவே போய், இலவச எல்லை எங்கே முடிகிறது என்பதையும் காட்டிவிடுங்கள். அப்புறம் அவர்களே உங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள்!